இடுபணிப் பெட்டி: தபால் உறையில் தொடங்கிய வரலாறு

ஆறாம் படிவம் முடித்துப் பல்கலைக்கழகத்திற்குப் போகும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே ஓர் இயங்கலைக் கற்றல் தளத்திற்குள் நுழைகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதன் பெயர் ஸ்பெக்ட்ரம். தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் மைகுரு. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பாடங்களின் பட்டியல், வாரவாரம் ஏறும் குறிப்புகள், இடுபணியை அனுப்பும் பெட்டி, ஒப்படைக்கும் நாள், பிறகு புள்ளி, அதற்குக் கீழே விரிவுரையாளரின் குறிப்புரை. வேலை பார்த்துக்கொண்டே பட்டமோ பட்டயமோ படித்த ஆசிரியர்களுக்கும் இது பழகிய இடம். இரவு 11.58க்கு இடுபணியை ஏற்றிவிட்டு மூச்சு விட்ட அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கும்!

இந்தப் பெட்டி ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒப்படைக்கும் நாள், புள்ளி, குறிப்புரை என்ற இந்த அமைப்புக்குக் கணினியைவிட வயது அதிகம். அதைத் தெரிந்துகொண்டால் தளத்தைப் பயன்படுத்தும் விதமும் கொஞ்சம் மாறும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தது. சுருக்கெழுத்து முறையை உருவாக்கிய ஐசக் பிட்மன் அதை உடனே பிடித்துக்கொண்டார். மாணவர்கள் பைபிள் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அவர் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவார். ‘திருப்பி அனுப்புவார்’ என்ற சொல்லைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் 1858இல் லண்டன் பல்கலைக்கழகம் வேறொரு வழியில் போனது. எங்கே படித்தாலும் பரவாயில்லை, எங்கள் தேர்வை எழுதலாம் என்று கதவைத் திறந்தது. தொலைவில் இருந்தவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு, மறுக்க முடியாது. ஆனால் லண்டன் தேர்வு மட்டுமே வைத்தது; பாடம் சொல்லித் தரவில்லை. தாள் போகும், முடிவு வரும். எங்கே தவறினோம் என்பது வராது. எஸ்.பி.எம். எழுதியவர்களுக்கு இது புதிதில்லை.

ஆகத் தொலைதூரக் கல்வியில் தொடக்கத்திலேயே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, திருத்திக் கொடுப்பது. மற்றொன்று, அளந்து சொல்வது. இரண்டாவதை இயந்திரம் செய்யலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் ரெனால்ட் ஜான்சன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? மாணவர் சரியான இடத்தில் கோடு போட்டிருந்தால் மின்சாரம் பாயும். அதை வைத்துப் புள்ளியைக் கணக்கிடும் ஒரு கருவியை 1930களின் தொடக்கத்தில் அவர் செய்தார். ஐ.பி.எம். நிறுவனம் அவரை வேலைக்கே எடுத்துக்கொண்டது. 1938இல் அந்தக் கருவி ஐ.பி.எம். 805 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பல்தேர்வு வினாக்களைத் திருத்தும் சுமை அப்போதே இறங்கத் தொடங்கிவிட்டது. (இதே ஜான்சன்தான் பிறகு 1956இல் வெளிவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். மாணவர்களின் இடுபணிகள் எல்லாம் பிற்காலத்தில் போய்ச் சேர்ந்த இடமும் அவர் கைவண்ணம்தான்!)

இரண்டு வழிகளும் ஒரே கூரையின் கீழ் வந்தது பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில். 1969இல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் சுமார் 25,000 மாணவர்களுடன் அது பாடங்களைத் தொடங்கியது. வானொலி, தொலைக்காட்சிப் பாடங்களைப் பற்றித்தான் வெளியில் எல்லாரும் பேசினார்கள். உண்மையான படிப்பு தபாலில் நடந்தது. அங்கே இடுபணிகள் இரண்டு வகை. ஒன்று கணினி திருத்துவது, சி.எம்.ஏ. மற்றொன்று டியூட்டர் திருத்துவது, டி.எம்.ஏ. முதல் வகை ஜான்சனின் வாரிசு. இரண்டாவது பிட்மனின் வாரிசு.

டி.எம்.ஏ. எப்படி நடந்தது என்று பாருங்கள். மாணவர் கட்டுரையைத் தபாலில் டியூட்டருக்கு அனுப்புவார். டியூட்டர் ஓரங்களில் எழுதித் திருத்துவார். பிறகு ஒரு படிவத்தில் புள்ளியையும் மொத்தக் குறிப்புரையையும் எழுதுவார். அந்தப் படிவத்தின் பெயர் பி.டி.3! நம் ஊரில் மூன்றாம் படிவ மாணவர்களைப் பாடாய்ப் படுத்திய பி.டி.3க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. திருத்திய தாள் நேராக மாணவருக்குப் போகாது. முதலில் பல்கலைக்கழகத்திற்குப் போகும். அங்கே புள்ளியைப் பதிவு செய்வார்கள். சில தாள்களை எடுத்து, திருத்திய விதம் சரியா, குறிப்புரை மாணவருக்கு உதவுமா என்று அனுபவமுள்ள ஒருவர் பார்ப்பார். அதாவது திருத்தியவரையும் ஒருவர் திருத்துவார். குறிப்புரை எழுதுவதும் கற்பித்தல்தான் என்று அந்தப் பல்கலைக்கழகம் கருதியது. என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே பெருமைப்படத்தக்க இடம் இதுதான்.

ஒரு வேடிக்கை: பாடம் தொடங்கிய அதே மாதம், ஜனவரி 20 அன்று, பிரிட்டன் முழுக்கத் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் 8 வரை நீடித்தது. தபாலை நம்பிய பல்கலைக்கழகம் பாடப் பொருள்களைச் சேர்க்க வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஒப்படைக்கும் நாளில் தளம் ‘படுத்துக்கொள்வது’ நமக்கு மட்டும் நேர்ந்த கொடுமை என்று இனிமேல் நினைக்காதீர்கள்.

நம் வட்டாரத்திற்கும் இது சீக்கிரமே வந்தது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971லேயே தொலைதூரப் படிப்பைத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரில் 1994இல் சிங்கப்பூர் நிர்வாகக் கழகம் பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புகளை நடத்தத் தொடங்கியது. இன்றைய சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் அந்த வேரிலிருந்து முளைத்ததுதான். அங்கே இன்றும் இடுபணியின் பெயர் டி.எம்.ஏ. பினாங்கின் வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்திலும் அதே சொல். தபால் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

கணினித் தளங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பித்த மர்ரே கோல்ட்பெர்க், 1995 வாக்கில் தம் பாடத்தை இணையத்தில் நடத்தக் கருவி செய்யத் தொடங்கினார். அது வெப்சிடி ஆனது. 1997இல் அமெரிக்காவில் பிளாக்போர்டு நிறுவனம் பிறந்தது. 2006இல் பிளாக்போர்டு வெப்சிடியை விழுங்கியது. இரண்டும் பணம் கட்டி வாங்க வேண்டியவை.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடியைப் பராமரித்தவர் மார்ட்டின் டூகியமஸ். அவர் சிறுவயதில் படித்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில். பள்ளி பக்கத்தில் இல்லை. பாடம் சிற்றலை வானொலியில் வரும். தாள்கள் விமானத்தில் வரும், போகும். எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வெப்சிடியில் திருப்தி இல்லாமல் அவரே ஒரு தளம் எழுதினார். 2002 ஆகஸ்ட் 20 அன்று மூடுல் முதல் பதிப்பு வெளிவந்தது. இலவசம், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். 2005இல் பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகமே மூடுலைத் தேர்ந்தெடுத்தது. நான் முதலில் சொன்ன ஸ்பெக்ட்ரமும் மூடுல்தான்.

இப்போது திரைக்கு வருவோம். மூடுலில் ஓர் இடுபணியை அமைக்கும்போது இரண்டு நாள்களைக் கேட்கும். ஒன்று ஒப்படைக்கும் நாள். அது தாண்டினாலும் தாள் உள்ளே போகும், ‘தாமதம்’ என்ற முத்திரையோடு. மற்றொன்று, அதற்குப் பிறகு எதையும் ஏற்காத நாள். இரண்டாவதை விரிவுரையாளர் வைக்காவிட்டால் பெட்டி திறந்தே இருக்கும். மாணவர்களே, இது தெரியாமல் “நாள் முடிஞ்சு போச்சு” என்று இடுபணியையே கைவிடாதீர்கள். போய்ப் பாருங்கள், பிறகு விரிவுரையாளரிடம் கேளுங்கள்.

மதிப்பீட்டுக்கும் படிநிலை உண்டு: திருத்தவில்லை, திருத்தப்படுகிறது, திருத்தி முடிந்தது, மறுபார்வையில், வெளியிடத் தயார், வெளியிடப்பட்டது. தாள் முதலில் பல்கலைக்கழகத்திற்குப் போய், ஒருவர் பார்த்து, பிறகு மாணவருக்கு வந்த அந்தப் பழைய பாதையை நினைவுபடுத்துகிறது, இல்லையா? ஆனால் இந்தப் படிநிலை தானாக இயங்காது. ஆசிரியர் அதைத் தெரிவு செய்தால்தான் வரும். தெரிவு செய்யாவிட்டால், திருத்தத் திருத்தப் புள்ளி மாணவருக்குத் தெரிந்துகொண்டே போகும். முதல் தாளுக்குக் கறாராகவும் முப்பதாவது தாளுக்குக் கனிவாகவும் புள்ளி போட்டுவிட்டோமா என்று திரும்பிப் பார்க்க இடமே இருக்காது.

புள்ளிப் பதிவேட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மூடுலின் இயல்பான அமைப்பில், புள்ளி விழாத இடுபணி மொத்தத்தில் சேராது. மூன்று இடுபணியில் ஒன்றை மட்டும் அனுப்பி 80 வாங்கியவருக்கு மொத்தம் 80 என்றே காட்டும். அனுப்பாத இரண்டுக்கும் விரிவுரையாளர் பருவ முடிவில் சுழியம் போட்டால் என்ன ஆகும்? சம எடை என்றால் 26.67. எட்டாவது வாரத்தில் 80ஐப் பார்த்து நிம்மதியாகத் தூங்கும் மாணவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர்கள் அந்தத் தெரிவை மாற்றலாம், அல்லது அனுப்பாத இடுபணிக்கு உடனே சுழியம் போடலாம். எதைச் செய்தாலும் முதல் வாரத்திலேயே மாணவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. திரையில் முதலில் புள்ளி, கீழேதான் குறிப்புரை. 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிலருக்குப் புள்ளி மட்டும், சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். பக்கத்தில் புள்ளி இருந்தால் குறிப்புரை கண்ணில் படுவதில்லை போலும். சின்னப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு அப்படியே பல்கலைக்கழகத்திற்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் என் ஐந்தாம் படிவ வகுப்பில் கட்டுரை நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் இதைத்தான் பார்க்கிறேன். புள்ளியைப் பார்ப்பார்கள், பக்கத்தில் உள்ளவரின் புள்ளியைப் பார்ப்பார்கள், நோட்டு மூடிவிடும்.

தமிழ் இடுபணிகளில் இது இன்னும் முக்கியம். ஒற்று மிகும் இடம், ரகர றகரக் குழப்பம், வாக்கியம் எழுவாயை விட்டு விலகிப் போவது ஆகியவற்றையெல்லாம் இன்னும் மனிதர்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு எழுத்துருக் குறியீடு ஆளுக்கொன்றாக இருந்த காலத்தில், மாணவரின் கோப்பைத் திறந்தால் தமிழே தெரியாமல் கட்டம் கட்டமாக வரும். யுனிகோடு பரவிய பிறகு அந்தத் தொல்லை ஏறக்குறைய ஒழிந்தது. இப்போது பி.டி.எஃப். தாளின் மீதே மூடுலில் எழுதலாம். அடிக்கடி எழுதும் குறிப்புரையைச் சேமித்து வைத்து ஒரு சொடுக்கில் ஒட்டலாம். “இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும்” என்பதை நாற்பது முறை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அந்த மிச்ச நேரத்தில் ஒவ்வொரு தாளுக்கும் அந்த மாணவருக்கென்றே ஒரு வரி எழுத முடியும். எந்தப் பத்தியில் அவர் வாதம் நின்றுபோனது, அடுத்த இடுபணியில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று.

பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் குறிப்புரையை முதலில் வெளியிட்டு, புள்ளியை இரண்டு நாள் நிறுத்தி வைக்கிறார். அவர் தளத்தில் புள்ளியைப் பதிவேட்டில் மறைத்து வைக்க வழி இருக்கிறதாம். முதல் தடவை மாணவர்கள் முணுமுணுத்தார்கள். “புள்ளி எங்கே சார்?” என்று புலனத்தில் செய்திகள் குவிந்தன. அடுத்த இடுபணிக்கு இரண்டு பேர் குறிப்புரையைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதினார்களாம்.