சிறு விமானத்தின் பின்னே ஒரு வலசை: வூப்பிங் பெருங்கொக்கு

வூப்பிங் பெருங்கொக்கு வட அமெரிக்காவின் மிக உயரமான பறவை. நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இருக்கும். விரித்த இறக்கை இரண்டு மீட்டரைத் தாண்டும். வெள்ளை உடல், கறுத்த இறக்கை நுனி, சிவந்த உச்சந்தலை. நெடுந்தொலைவு கேட்கும் கூவலால் அதற்கு இந்தப் பெயர் வந்தது. நம் வயல்களில் நிற்கும் கொக்கு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அது கழுத்தை மடித்துப் பறக்கும். பெருங்கொக்கு கழுத்தை நேரே நீட்டிப் பறக்கும். அழியும் நிலையில் இருந்த இந்தப் பறவையின் இளங்குஞ்சுகளை 2001 முதல் 2015 வரை ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மனிதர்கள் சிறு விமானத்தில் முன்னே பறந்து தெற்கே கூட்டிச் சென்றார்கள்.

வேட்டையும், சதுப்பு நிலங்கள் விளைநிலமானதும் இந்த இனத்தைக் கரைத்துவிட்டன. 1941-இல் இயற்கையில் எஞ்சியவை இருபதைச் சற்றே தாண்டின. அவற்றில் வலசை போகும் கூட்டம் ஒன்றே ஒன்றுதான். குளிர்காலத்தை டெக்சாஸ் கடற்கரையின் அரன்சாஸ் சரணாலயத்தில் கழிக்கும் அந்தக் கூட்டம் எங்கே கூடு கட்டுகிறது என்பதே 1954-இல்தான் தெரியவந்தது. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வடக்கே, கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்கா. பாதுகாப்பினால் அந்தக் கூட்டம் மெல்லப் பெருகியது, இன்று 500-ஐக் கடந்துவிட்டது. ஆனாலும் ஓர் இனம் முழுவதும் ஒரே கடற்கரையை நம்பியிருந்தால் ஒரு பெரும்புயலோ எண்ணெய்க் கசிவோ போதும், எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் கிழக்கே, விஸ்கான்சினுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே, இரண்டாவது வலசைக் கூட்டம் ஒன்றை உருவாக்க நினைத்தார்கள்.

வளர்த்து விட்டுவிட்டால் தானே போய்விடாதா என்று தோன்றலாம். போகாது. சிறு பறவைகள் பலவற்றுக்குத் திசை பிறவியிலேயே வாய்க்கிறது. தாய் தந்தை இல்லாமலேயே இரவில் தனியாகப் பறந்து சேர்ந்துவிடுகின்றன. பெருங்கொக்குக்குப் புறப்படும் வேட்கை மட்டும் பிறவியில் உண்டு, பாதை கிடையாது. குஞ்சு தன் முதல் இலையுதிர் காலத்தில் பெற்றோரின் பின்னே பறந்துதான் வழியைக் கற்கிறது. கூட்டிப் போகப் பெரியவர்கள் இல்லாத தலைமுறைக்கு வலசையே இல்லை. 1975-இல் ஐடஹோவின் கிரேஸ் லேக்கில் இதற்கு வேறொரு வழி பார்த்தார்கள். வூப்பிங் பெருங்கொக்கின் முட்டைகளை சாண்ட்ஹில் பெருங்கொக்கின் கூடுகளில் வைத்தார்கள். குஞ்சுகள் வளர்ப்புப் பெற்றோரிடம் பாதையைக் கற்றன. ஆனால் தம்மையும் சாண்ட்ஹில்லாகவே எண்ணிக்கொண்டு, தம் இனத்தோடு இணை சேரவில்லை. கண் விழித்ததும் பார்த்த உருவமே தன் இனம் என்று குஞ்சின் உள்ளத்தில் பதிந்துவிடுவதை மனப்பதிவு என்கிறார்கள். இந்தக் கதை முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றித்தான் நடக்கிறது.

கனடாவின் ஒண்டாரியோவைச் சேர்ந்த சிற்பி பில் லிஷ்மன் 1988-இல் தன் சிறு விமானத்துடன் வாத்துக் கூட்டத்தைப் பறக்கவைத்தார். 1993-இல் அவரும், டொரன்டோவில் தொழில்முறை ஒளிப்படக்காரராக இருந்த ஜோ டஃபும் 18 கனடா வாத்துகளை ஒண்டாரியோவிலிருந்து வர்ஜீனியாவுக்கு வழிநடத்தினார்கள். அவர்கள் தொடங்கிய ‘ஆபரேஷன் மைக்ரேஷன்’ என்ற அமைப்புதான் பின்னர் பெருங்கொக்குகளின் முன்னே பறந்தது.

வாத்து மனிதனோடு பழகிவிட்டாலும் பெரிய கேடில்லை. பெருங்கொக்கு பழகினால் அதன் காட்டு வாழ்க்கை அதோடு போயிற்று. ஆகவே மனிதர்கள் தங்களை மறைத்துக்கொண்டார்கள். மேரிலாந்தின் பட்டக்சென்ட் ஆய்வு மையத்தில் முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சுக்கு விமான எஞ்சினின் ஒலியைக் கேட்கச் செய்தார்கள். பொரிந்த பிறகு அதன் முன் வருபவர் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி அணிந்திருப்பார், முகம் தெரியாது. ஒரு கையில் தாய்ப்பறவையின் தலை வடிவில் ஒரு பொம்மை. அதன் அலகால் இரை எடுத்துக் கொடுப்பார். ஒரு சொல் பேசக்கூடாது. மாதக்கணக்கில் ஓர் உயிரை வளர்த்தவர் தன் குரலை ஒருமுறைகூட அதற்குக் கேட்கவிடவில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. குஞ்சுகள் முதலில் தரையில் ஊர்ந்து செல்லும் விமானத்தின் பின்னே ஓடின, இறக்கை வலுத்ததும் அதன் பின்னே எழுந்தன.

2001 அக்டோபர் 17 அன்று விஸ்கான்சினின் நெசீடா சரணாலயத்திலிருந்து எட்டு இளம் பறவைகள் புறப்பட்டன. காற்று அடங்கிய விடியற்காலைகளில் மட்டுமே பறக்க முடியும். எதிர்க்காற்று வீசினால் நாள்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். விமானத்தின் இறக்கை நுனியில் எழும் காற்றைப் பிடித்துக்கொண்டு பறவைகள் அதிகம் சிறகடிக்காமலே மிதந்தன. வழியில் ஒரு புயல் இரவில், தங்கியிருந்த பட்டியிலிருந்து வெளியேறிய ஒன்று மின்கம்பியில் மோதி இறந்தது. எஞ்சிய ஏழும் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் கடந்து டிசம்பர் 3 அன்று ஃபுளோரிடாவின் சசஹொவிட்ஸ்காவை அடைந்தன. அடுத்த வசந்தத்தில் விமானமும் இல்லை, அங்கிக்காரரும் இல்லை. ஐந்து பறவைகள் தாமாகவே விஸ்கான்சினுக்குத் திரும்பின. ஒரே ஒரு முறை காட்டிய வழி அவற்றுக்குப் போதுமாக இருந்தது.

இழப்புகளும் பெரியவை. 2007 பிப்ரவரியில் ஃபுளோரிடாவைத் தாக்கிய புயலில், அந்த ஆண்டு வந்து சேர்ந்து பட்டியில் இருந்த 18 இளம் பறவைகளில் 17 ஒரே இரவில் மாண்டன. நெசீடாவில் கறுப்பு ஈக்களின் கடி தாங்காமல் அடைகாத்த பறவைகள் கூட்டை விட்டுப் போயின. வலசை கைகூடியது, குஞ்சு வளர்ப்பு கைகூடவில்லை. பதினைந்து ஆண்டுகளில் இயற்கையில் பொரிந்து பறக்கும் வயதை எட்டியவை பத்தளவே. அங்கியணிந்த மனிதர் வளர்த்த பறவைக்குத் தாய்மையைக் கற்கும் வாய்ப்பில்லை என்று கருதிய அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை 2016-இல் விமான வழிகாட்டலை நிறுத்தியது. அதன்பின் பெருங்கொக்குகளே வளர்த்த குஞ்சுகளைப் பழைய பறவைகளின் அருகே விடும் முறை முதன்மையானது. கூட்டத்தில் வயதான பறவை ஒன்று இருந்தால் இளையவை பாதையை விட்டு அதிகம் விலகுவதில்லை என்று இந்தக் கூட்டத்தையே வைத்து நடந்த ஆய்வு காட்டியிருந்தது.

விமானம் வழிகாட்டிய ஆண்டுகளில் இந்தப் பயணத்தைப் படமெடுக்க விரும்பியவர்கள் ஏராளம். விமானம் கடக்கும் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் மக்கள் கூட அனுமதி இருந்தது. இருள் பிரியும் முன்பே குளிரில் முக்காலியை நிறுத்திக் காத்திருப்பார்கள். காற்று மாறினால் அன்றைய பறப்பு கிடையாது, மறுநாள் மீண்டும் வர வேண்டியிருந்தது. பறந்தாலும் கிடைத்தது தலைக்கு மேலே சில நிமிடங்கள். பறவைகள் இரவு தங்கும் பட்டியின் இடம் வெளியே சொல்லப்படவில்லை. ஐரோப்பாவில் வழுக்கைத்தலை அரிவாள்மூக்கனைத் தெற்கே கூட்டிச் செல்லும் யோஹன்னஸ் ஃபிரிட்ஸின் குழு வேறு முறையைக் கையாள்கிறது. அங்கே மஞ்சள் உடை அணிந்த வளர்ப்புத் தாய்மார் முகத்தை மறைப்பதில்லை, பேசிப் பாடி வளர்க்கிறார்கள். மனிதரும் பறவையும் முகத்தோடு முகம் வைத்த படங்கள் அங்கிருந்து வருகின்றன. பெருங்கொக்கின் படங்களில் மனித முகமே கிடையாது.

கிழக்குக் கூட்டத்துப் பறவையைக் கண்டால் நடந்து செல்பவர் 180 மீட்டருக்குள்ளும், வண்டியில் இருப்பவர் 90 மீட்டருக்குள்ளும் நெருங்கக்கூடாது, அதன் காதில் விழும்படி பேசக்கூடாது, படத்துக்காகப் பிறர் நிலத்தில் நுழையக்கூடாது என்று திட்டத்தினர் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து நீண்ட லென்சில் எடுத்த படத்திலும் பறவையின் காலில் உள்ள வண்ண வளையங்கள் தெரியும். அந்த நிறங்களின் வரிசையைக் கொண்டு அது எந்த ஆண்டின் பறவை, எந்த வழியில் தெற்கே வந்தது என்பதைப் பதிவேட்டில் கண்டுபிடித்துவிடலாம்.