போதைப்பொருள் பயன்பாடும் ஐக்கிய அமெரிக்க வாழ்க்கைத்துணை விசாவும்

வாழ்க்கைத்துணை விசா என்பது ஐக்கிய அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வதிவுரிமை பெற்றோரும் வெளிநாட்டில் வாழும் தம் கணவனை அல்லது மனைவியைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள வழிசெய்யும் குடிவரவு விசா ஆகும். திருமணம் உண்மையானது என நிறுவப்பட்ட பின்னரும், விண்ணப்பதாரர் முன்பு போதைப்பொருள் பயன்படுத்தியிருந்தால் இவ்விசா மறுக்கப்படக்கூடும். குடிமக்களை மணக்க வருவோருக்கு வழங்கப்படும் கே-1 விசாவுக்கும் இது பொருந்தும்.

1952-ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவு, நாட்டினுள் நுழையத் தகுதியற்றோரைப் பட்டியலிடுகிறது. இப்பிரிவின்படி கடந்தகாலப் போதைப்பொருள் பயன்பாடு மூன்று தனித்தனி வழிகளில் தடையாகலாம்: நோயாக, குற்றமாக, அதை மறைக்கக் கூறிய பொய்யாக. நோய் சார்ந்த தடை ஓராண்டில் நீங்கக்கூடியது. மற்ற இரண்டும் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியவை.

யாருடைய கடந்தகாலம்

தகுதியின்மை விதிகள் விசா பெறுபவருக்கே உரியவை. அழைக்கும் மனுதாரர் முன்பு போதைப்பொருள் பயன்படுத்தியிருந்தாலும் அது மட்டுமே மனுவை மறுக்கக் காரணம் ஆகாது. எனினும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, கே வகை விசாவுக்கு மனுச் செய்பவர் தம் மீதான குறிப்பிட்ட சில குற்றத்தீர்ப்புகளை வெளியிட வேண்டும். போதைப்பொருள் அல்லது மது தொடர்பாக, ஒரே நிகழ்வில் எழாத மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குற்றத்தீர்ப்புகள் இவற்றுள் அடங்கும். இத்தகவல் வெளிநாட்டில் உள்ள துணைக்கும் தெரிவிக்கப்படும்.

துணையின் செயல் விண்ணப்பதாரரை நேரடியாகப் பாதிக்கும் சூழலும் ஒன்று உண்டு. தகுதியற்றவராகக் கருதப்படும் போதைப்பொருள் கடத்தல்காரரின் கணவன், மனைவி அல்லது பிள்ளை, அத்தொழிலின் வருவாயால் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரிந்தே பயனடைந்திருந்தால் அவரும் தகுதி இழப்பார்.

மருத்துவக் காரணம்

ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தூதரகத்தால் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இம்மருத்துவர்கள் ஐக்கிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் அறிவுறுத்தல்களைப் பின்பற்றுகின்றனர். பழைய அறிவுறுத்தல்களுக்குப் பதிலாக 2010-இல் புதியவை நடைமுறைக்கு வந்தன. அப்போது முதல், பயன்பாட்டுக் கோளாறு உள்ளதா என்பது அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கண்டறிதல் கையேட்டைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது.

கட்டுப்படுத்தப்பட்ட பொருள் ஒன்றால் கோளாறு உடையவர் 'அ' வகையில் சேர்க்கப்படுவார். அவருக்கு விசா கிடையாது. கோளாற்றின் அறிகுறிகள் இன்றிப் பன்னிரண்டு மாதங்கள் கடந்துவிட்டால் அவர் நீடித்த தணிவுநிலையில் உள்ளவராகக் கருதப்பட்டு 'ஆ' வகைக்கு மாற்றப்படுவார். 'ஆ' வகை விசாவுக்குத் தடையன்று. எனவே மருத்துவக் காரணத்தால் மறுக்கப்பட்டவர் உரிய காலம் கழித்து மீண்டும் பரிசோதனைக்குச் செல்லலாம். மதுபானம் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் இல்லை. ஆகையால் மதுப்பழக்கம் தீங்கு விளைவிக்கும் நடத்தையுடன் சேர்ந்திருந்தால் மட்டுமே, வேறு விதியின் கீழ்த் தடையாகும்.

குற்றக் காரணம்

எந்நாட்டிலேனும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் தொடர்பான சட்டத்தை மீறியதாகக் குற்றத்தீர்ப்புப் பெற்றவர் தகுதியற்றவர் ஆவார். இதற்குக் காலவரம்பு இல்லை. இருபது வயதில் செலுத்திய அபராதம் ஐம்பது வயதிலும் தடையாக நிற்கும். அந்நாட்டுச் சட்டப்படி தீர்ப்பு காலாவதியாகி இருந்தாலும், பொது மன்னிப்பு அளிக்கப்பட்டிருந்தாலும் பொதுவாகப் பயனில்லை.

தீர்ப்பு எதுவும் இன்றியும் இத்தடை எழலாம். குற்றத்தின் அடிப்படைக் கூறுகளான செயல்களைச் செய்ததாக விண்ணப்பதாரர் தாமே ஒப்புக்கொண்டால் அதுவே போதுமானது. இத்தகைய ஒப்புதல் செல்லுபடியாகக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1957-இல் பின்வரும் நிபந்தனைகளை வகுத்தது:

1. அச்செயல் நிகழ்ந்த இடத்தின் சட்டப்படி அது குற்றமாக இருக்க வேண்டும்.
2. குற்றத்தின் வரையறை விண்ணப்பதாரருக்குப் புரியும் சொற்களில் முன்கூட்டியே விளக்கப்பட வேண்டும்.
3. ஒப்புதல் தன்விருப்பத்துடன் அளிக்கப்பட வேண்டும்.

முதல் நிபந்தனையால் ஒரே செயல் நாட்டுக்கு நாடு வேறுபட்ட விளைவைத் தரும். ஐக்கிய இராச்சியத்தில் கஞ்சாவை வைத்திருப்பது குற்றம். புகைப்பது தனிக்குற்றம் அன்று. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு உட்கொள்வதையே குற்றமாக்குகிறது.

மருத்துவரிடம் கூறுவதும் ஒப்புதலாகக் கருதப்படலாம். பிலிப்பீன்சைச் சேர்ந்த ஒருவர், விசாவுக்கான பரிசோதனையில் தாம் முன்பு கஞ்சா புகைத்ததாகக் கூறினார். அவர் தகுதியற்றவர் என்ற முடிவை ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் உறுதி செய்தது. குடிவரவுப் பரிசோதனையின் விடைகள் தூதரகத்துக்கு அனுப்பப்படுபவை. வழக்கமான மருத்துவ இரகசியம் இங்குப் பொருந்தாது.

மாநிலச் சட்டமும் கூட்டாட்சிச் சட்டமும்

2012-இல் கொலராடோ, வாசிங்டன் ஆகிய மாநிலங்களின் வாக்காளர்கள் பெரியோர் கஞ்சா பயன்படுத்துவதை அனுமதித்தனர். பின்னர் வேறு பல மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. ஆயினும் குடிவரவு கூட்டாட்சி அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கூட்டாட்சிச் சட்டத்தில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட பொருளாகவே உள்ளது. எனவே கடையில் முறைப்படி விலைக்கு வாங்கிய கஞ்சாவும் வெளிநாட்டவருக்குச் சிக்கலை உண்டாக்கலாம். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா தொடர்பான செயல்கள் குடியுரிமை பெறத் தேவையான நன்னடத்தைக்குத் தடையாகலாம் எனக் குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவை 2019 ஏப்ரலில் அறிவித்தது. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ளது. அதன்பின் அந்நாட்டுச் சட்ட வரம்புக்குள் அங்குப் பயன்படுத்தியது அந்நாட்டுச் சட்டத்தை மீறிய செயல் ஆகாது.

உண்மையை மறைத்தல்

விண்ணப்பப் படிவத்தில், போதைப்பொருள் சட்டத்தை எப்போதேனும் மீறியது உண்டா, போதைப்பொருளுக்கு அடிமையாக இருந்தது உண்டா என்னும் வினாக்கள் உள்ளன. உண்மையை ஒப்புக்கொண்டால் குற்றத்தடை, இல்லை என்றால் பொய்யுரை என இரு பக்கமும் இடர் இருப்பதால் விண்ணப்பதாரர்கள் திகைப்பதுண்டு. விசா முடிவைப் பாதிக்கத்தக்க ஒன்றைத் தெரிந்தே பொய்யாகக் கூறினால் நிலையான தகுதியின்மை ஏற்படும். ஓராண்டு காத்திருந்தால் நீங்கியிருக்கக்கூடிய மருத்துவத் தடையை மறைக்கக் கூறிய பொய், நீங்காத தடையாக மாறிவிடலாம். படிவத்தின் வினாக்களும் ஒன்றல்ல. முன்பு பயன்படுத்திய அனைவரும் அடிமைகள் அல்லர். ஆனால் சட்டமீறல் பற்றிய வினா ஒருமுறைப் பயன்பாட்டையும் உள்ளடக்கலாம். எனவே படிவத்தை நிரப்புவதற்கு முன்பே குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் முழு உண்மையையும் கூறி அறிவுரை பெறுவது பாதுகாப்பானது.

விலக்கு

குற்றக் காரணத்துக்கான விலக்கு மிகவும் குறுகியது. 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சாவைத் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த ஒரேயொரு குற்றத்துக்கு மட்டுமே குடிவரவு விசா கோருவோர் விலக்குக் கோரலாம். அதற்கும் குடிமகனோ நிரந்தர வதிவுரிமையாளரோ ஆன கணவன், மனைவி, பெற்றோர் அல்லது பிள்ளைக்குக் கடும் இன்னல் நேரும் என நிறுவ வேண்டும். அல்லது குற்றம் நிகழ்ந்து பதினைந்து ஆண்டுகள் கடந்து, விண்ணப்பதாரர் திருந்தியவர் என நிறுவ வேண்டும். பிரிவால் வரும் வழக்கமான துயரம் மட்டுமே கடும் இன்னல் ஆகாது. எரோயின், கொக்கெயின் முதலியவற்றுக்கு இவ்விலக்கு இல்லை. பொய்யுரைக்கான விலக்கு தனியானது. அதில் கணவன், மனைவி அல்லது பெற்றோரின் இன்னல் மட்டுமே கருதப்படும். இரு விலக்குகளும் அதிகாரிகளின் விருப்புரிமைக்கு உட்பட்டவை.

ஜான் லெனன் வழக்கு

இச்சட்டத்தின் புகழ்பெற்ற வழக்கு பீட்டில்சு இசைக்குழுவின் ஜான் லெனன் தொடர்பானது. 1968 நவம்பரில் கஞ்சாப் பிசின் வைத்திருந்ததற்காக இலண்டன் நீதிமன்றம் அவருக்கு 150 பவுண்டு அபராதம் விதித்தது. 1971-இல் தம் மனைவி யோக்கோ ஓனோவுடன் நியூயார்க் வந்த லெனனை வெளியேற்ற 1972-இல் நடவடிக்கை தொடங்கியது. 1973 மார்ச்சில் குடிவரவு நீதிபதி மனைவிக்கு நிரந்தர வதிவுரிமை வழங்கி, கணவரை வெளியேறுமாறு பணித்தார்.

1975 அக்டோபர் 7 அன்று இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இம்முடிவை மாற்றியது. அக்காலப் பிரித்தானியச் சட்டத்தில், தம்மிடம் போதைப்பொருள் இருப்பதை அறியாதவரும் தண்டிக்கப்படலாம். அத்தகைய தீர்ப்பை விலக்குக்குக் காரணமாகக் கொள்ள இயலாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. 1976 சூலையில் லெனன் பச்சை அட்டை பெற்றார். 30 கிராம் விலக்கு அப்போது சட்டத்தில் இல்லை. அது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது.

மறுப்பும் நீதிமன்றமும்

லெனன் நாட்டினுள் இருந்ததால் வழக்காட முடிந்தது. வெளிநாட்டில் உள்ளவருக்குத் தூதரக அதிகாரி விசா மறுத்தால், அம்முடிவை நீதிமன்றங்கள் பொதுவாக மறுஆய்வு செய்வதில்லை. வெளிநாட்டவரான துணை நாட்டினுள் அனுமதிக்கப்படுவது குடிமக்களின் அடிப்படை உரிமை அன்று என உச்ச நீதிமன்றம் 2024 சூன் மாதம் முன்யோசு வழக்கில் தீர்ப்பளித்தது. அது போதைப்பொருள் வழக்கு அன்று. எனினும் அதன் விளைவு இவ்வகை இணையர்களுக்கும் பொருந்தும். ஆகவே இத்தகைய விண்ணப்பங்களில் முதல் நேர்முகமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

இவற்றையும் பார்க்க

ஐக்கிய அமெரிக்கக் குடிவரவுச் சட்டம்
நிரந்தர வதிவுரிமை
கஞ்சா
ஜான் லெனன்