அருந்ததியின் மறைந்த துணை

திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டப்படும் அருந்ததியைப் பழந்தமிழ் நூல்கள் வடமீன் என்றன. இன்றைய வானியலில் அதன் பெயர் ஆல்கர். ஏறத்தாழ 82 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வெண்ணிற முதன்மைத் தொடர் விண்மீன் அது. அருகிலுள்ள வசிட்டர், அதாவது மைசார், ஓர் இரட்டை என்பது 1617இல் கலிலியோவும் அவர் மாணவர் காஸ்டெல்லியும் நோக்கிய நாளிலிருந்தே தெரியும். அருந்ததியின் துணையோ 2009 வரை எவர் கண்ணிலும் படவில்லை.

அவ்வாண்டு பாலோமர் வானாய்வகத்தின் 5 மீட்டர் தொலைநோக்கியில் ஆல்கரின் பேரொளியைக் கருவியால் மறைத்தபோது, அருகே மங்கிய செங்குறுமீன் ஒன்று தென்பட்டது. அதன் நிறை சூரியனில் கால் பங்கு அளவே. அது பின்புலத்து மீன் அன்று என்பதற்குச் சான்று யாது? புவி சூரியனைச் சுற்றுவதால் தோன்றும் இடமாறு தோற்றத்தில் இரண்டும் சேர்ந்தே அசைந்தன. அந்த அசைவைத் தேடியே கலிலியோவும் இரட்டை மீன்களை நோக்கினார்.

'இவை ஒன்றையொன்று சுற்றுவதை முன்னோர் அறிந்திருந்தனர்' என்று பரப்பப்படும் கூற்றுக்கு நூற்சான்று இல்லை. பெரிய மீனை முதலில் காட்டி, அதன்வழி நுண்ணிய அருந்ததியைக் காட்டும் முறையைச் சங்கரர் பிரம்மசூத்திர உரையில் உவமையாக்குகிறார். வெறுங்கண்ணுக்கு வாய்த்த அந்த நுட்பமே போதிய பெருமை. இல்லாததை ஏற்றிச் சொன்னால் இருப்பதன் மதிப்பும் குன்றும்.