செல்லாக்காசுக்கும் ஒரு விலை உண்டு!

ஒன்றுக்கும் உதவாதவனைச் "செல்லாக்காசு" என்று திட்டுவது நம்மூர் வழக்கம். கடைக்காரர் வாங்க மறுத்த காசுக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்? ஆனால் நாணயம் சேகரிப்பவர்களின் கணக்கே வேறு. அச்சு விலகி விழுந்த காசு, எழுத்து இரட்டையாகத் தெரியும் காசு, முகத்தின் குறுக்கே விரிசல் கோடு ஓடும் காசு என்று, அடிக்கும்போதே தவறிப் பிறந்தவற்றைத்தான் அவர்களில் பலர் தேடி அலைகிறார்கள். வணிகவியல் பாடத்தில் முகமதிப்பு, சந்தை மதிப்பு என்று இரண்டு படிக்கிறோமே, அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தப் பிழைகளைப் புரிந்துகொள்ள முத்துக்குளித்துறையை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

அக்கசாலை என்ற பெயர்

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கும் மீனவர் ஊர் ஆலந்தலை. புனித சவேரியார் 1544-ல் எழுதிய கடிதங்களிலேயே இந்த ஊரின் பெயர் வருகிறது. இங்கிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம், அதற்கப்பால் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல். அங்கிருந்து சற்று உள்நாட்டுக்குள் போனால் பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை. முத்தும் சங்கும் கப்பலேறிப் போன கரை இது. போன சரக்குக்கு விலையாகப் பல நாட்டுக் காசுகள் வந்து இறங்கிய கரையும் இதுவே.

கொற்கைக்குப் பக்கத்தில் ஓர் இடத்துக்கு "அக்கசாலை" என்றே பெயர். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். பாண்டியரின் உலையும் சம்மட்டியும் போய்விட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கொற்கையிலும் காயலிலும் 1870-களில் அகழ்ந்து பார்த்த கால்டுவெல்லும் இந்தப் பெயரைக் கவனித்திருக்கிறார்.

கையால் அடித்த காசு

அந்தக் காலத்தில் காசு அடிக்க இரண்டு அச்சுகள் வேண்டும். கீழச்சைப் பட்டறையில் பதித்துவிடுவார்கள். அதன் மேல் காய்ச்சிய உலோக வில்லையை வைத்து, மேலச்சை அதன் மீது நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அவ்வளவுதான், காசு தயார்! அடி வாங்குவது மேலச்சு என்பதால் அது சீக்கிரம் தேய்ந்து உடையும். கீழச்சு அதைவிட நாள் தாங்கும்.

பிழைகள் எல்லாம் இந்த வேலைக்குள்ளேதான் பிறக்கின்றன. வில்லை நகர்ந்தால் உருவம் ஓரத்துக்குப் போய்விடும். முதல் அடி சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை அடித்தால் உருவம் இரட்டிக்கும். அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், புதுக் காசின் ஒரு பக்கத்தில் பழைய காசின் உருவமே இடம் வலம் மாறிப் பள்ளமாகப் பதியும். ரோமானிய வெள்ளிக் காசுகளிலும் இந்தப் பிழை உண்டு. ரோமாபுரித் தொழிலாளிக்கும் பின்னால் ஆள் நின்று அவசரப்படுத்தியிருப்பார்கள் போலும்!

எது பிழை, எது பிழையல்ல?

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். "பணம்" என்று நாம் இன்று பொதுவாகச் சொல்லும் சொல், ஒரு காலத்தில் அரை கிராம்கூட எடையில்லாத ஒரு பொடித் தங்கக் காசின் பெயராகவும் இருந்தது. போர்ச்சுகல் அரசியின் செருப்புச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தைத்தான் சவேரியார் உபதேசியார்களின் சம்பளத்துக்காகக் கேட்டு வாங்கினார். இந்தப் பொடிக்காசுகளில் பலவற்றில் அச்சு பெரிது, வில்லை சிறிது. ஆகவே முழு உருவமும் ஒரே காசில் விழ வழியே இல்லை. ஒன்றில் பாதி, இன்னொன்றில் மீதி என்றுதான் விழும்.

இயந்திரக் காசில் பாதி உருவம் மட்டும் விழுந்திருந்தால் அது அபூர்வம். தங்கப் பணத்தில் அதுவே வழக்கம். காசு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாமல் அதைப் பிழை என்று சொல்லவே முடியாது.

அச்சு வேறுபாடு சொல்லும் கதை

பிழை ஒரு காசோடு முடிந்துவிடும். அச்சு வேறுபாடு அப்படியல்ல. ஓர் அச்சு உடைந்ததும் தட்டான் புது அச்சு வெட்டுவான். அதில் மீனின் வால் கொஞ்சம் நீளும், எழுத்து கொஞ்சம் சாயும். அந்த அச்சில் அடித்த காசுகள் எல்லாவற்றிலும் அதே வேறுபாடு இருக்கும்.

சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசுகளில் "பெருவழுதி" என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்தவை உண்டு. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தார். பிற்காலப் பாண்டியரின் காசுகளில் இரட்டை மீன்கள், "சோணாடு கொண்டான்", "எல்லாந்தலையானான்" போன்ற விருதுப் பெயர்கள். ஒரே பெயரைப் பல அச்சுகளில் வெட்டியிருந்தால், அந்தக் காசு ஒரு நாள் கொண்டாட்டத்துக்காக அடிக்கப்பட்டதல்ல, நிறையப் புழங்கியது என்று ஊகிக்கலாம். ஒரே கீழச்சு இரண்டு வேறு மேலச்சுகளோடு சேர்ந்து வந்தால், இரண்டும் ஒரே பட்டறையில் அடுத்தடுத்துப் பிறந்தவை என்று சொல்லலாம். அந்தக் கீழச்சின் விரிசல் எதில் பெரிதாக இருக்கிறதோ, அதுவே பின்னால் அடித்தது. கல்வெட்டு மன்னனைப் பற்றிப் பேசும். பட்டறையில் சம்மட்டி பிடித்தவனைப் பற்றிப் பேச இந்தப் பிழையையும் விரிசலையும் விட்டால் வேறு சாட்சி ஏது?

நம் பகுதிக் காசுகளைப் பற்றி லோவெந்தால் என்ற பாதிரியார் 1888-லேயே "திருநெல்வேலி நாணயங்கள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் தனி நூல் எழுதியிருக்கிறார். மதுரைப் பகுதியில் இருந்த டிரேசி பாதிரியாரும் அதே காலத்தில் பாண்டியர் காசுகளைப் பற்றி எழுதினார்.

இயந்திரம் வந்த பிறகு

இயந்திரம் வந்ததும் காசுகள் எல்லாம் ஒன்றுபோல ஆயின. அதனாலேயே பிழைக்கு மதிப்பு கூடியது. 1862 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே தேதியோடு அடிக்கப்பட்டது. பின்பக்கத்தில் உள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து வகை பிரித்துச் சேர்க்கிறார்கள்.

1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் கதை இன்னும் சுவையானது. மன்னரின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி போலத் தெரிந்தது. மக்களிடம் எதிர்ப்பு கிளம்பவே, காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம்தான் வெளியே வந்திருந்தது. 1912-ல் யானைக்கு ஒழுங்கான தும்பிக்கை கிடைத்தது. உருக்கியது போக மிஞ்சிய "பன்றி ரூபாய்" இன்று சேகரிப்பாளர்களின் கனவு!

ஏமாறாமல் இருக்க

விலை வந்தால் மோசடியும் வரும். சில எளிய சோதனைகள்:

* அச்சில் விரிசல் இருந்தால் காசில் அது மேடாகத் தெரியும். கோடு பள்ளமாக இருந்தால் அது பின்னால் விழுந்த கீறல்.
* ஓரம் வெட்டிய காசு எடை குறையும். அச்சு மட்டும் விலகிய காசு எடை குறையாது.
* இரு பக்கமும் தலை உள்ள காசு என்றால் விளிம்பில் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு காசை அரைத்து ஒட்டுவது பழைய வித்தை.

பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் நம்ப வேண்டாம். இப்படிப் பணம் வசூலிக்கத் தாங்கள் யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. மண்ணில் கிடைத்த காசு தட்டானின் உலைக்கோ பழைய சாமான் கடைத் தராசுக்கோ போனால் மிஞ்சுவது உலோகத்தின் விலை மட்டும்தான். எந்த ஊரில், எதனோடு கிடைத்தது என்ற செய்தி அதோடு அழிந்துவிடும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முத்துக்குளித்தல் 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் நடக்கவில்லை. அந்த வாணிபத்துக்குச் சாட்சியாக மிச்சமிருப்பவற்றில் இந்தக் காசுகளும் அடக்கம். வளைந்தது, தேய்ந்தது, அச்சு தப்பியது என்று ஒதுக்கும் முன் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கடையில் செல்லாத காசு வரலாற்றில் செல்லும்!