சேதுக் கரை யாத்திரை

மொன்றியலிலிருந்து தாயகம் செல்லும் நம் அன்பர்கள் பலர், எத்தனை நாள் விடுமுறையானாலும் அதில் இரண்டு நாட்களை இராமேசுவரத்துக்கென ஒதுக்குகிறார்கள். காசிக்குப் போனவர் சேதுவையும் தரிசித்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும் என்பது முன்னோர் வகுத்த முறை. சேதுவில் மணல் எடுத்து, அதைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, கங்கை நீருடன் திரும்பி வந்து இராமநாதப் பெருமானுக்கு அபிஷேகம் செய்வார்கள். வடக்கே இருப்பவரைத் தெற்கேயும் தெற்கே இருப்பவரை வடக்கேயும் நடக்கவைத்த இந்த ஏற்பாட்டுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

பத்ரிநாதம், துவாரகை, பூரி என்பவற்றோடு நான்கு தாமங்களுள் ஒன்றாகவும், பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்றாகவும் விளங்குவது இராமேசுவரம். ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே சிறந்த இடம் என்று பெரியோர் சொல்வர். இத்தலத்தைப் பொறுத்தமட்டில் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவே வழி.

மூர்த்தியும் தீர்த்தமும்

இராவண வதத்தின் பின் இராமபிரான் சிவபூசை செய்ய விரும்பி, லிங்கம் கொண்டுவரும்படி அனுமனைக் கயிலைக்கு அனுப்பினார். அனுமன் வரத் தாமதமாகவே, சீதாபிராட்டி மணலால் பிடித்த லிங்கத்தை வைத்துப் பூசை நடந்தது. அதுவே இராமலிங்கம். பின்னர் வந்து வருந்திய அனுமனின் மனம் நோகாதபடி, அவர் கொணர்ந்த விசுவலிங்கத்துக்கே முதற்பூசை என்று இராமர் விதித்தார் என்பது தலபுராணம். இன்றும் அதுவே நடைமுறை. தாமதமாக வந்தவருக்கும் மரியாதை குறையாத சந்நிதி இது. அம்பாள் பர்வதவர்த்தினி. விடியற்காலையில் நடைபெறும் ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு நேரத்தோடு போய்விட வேண்டும்.

முதலில் கோயிலுக்குக் கிழக்கேயுள்ள அக்கினி தீர்த்தமாகிய கடலில் நீராடி, பிறகு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். கிணறுகளிலிருந்து வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். அதன்பின் உலர்ந்த உடை மாற்றிக்கொண்டு சந்நிதிக்குச் செல்வது வழக்கம். வயதானவர்கள் இரண்டு விஷயங்களில் கவனமாக இருத்தல் நலம். ஈரமான கற்றளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யாத்திரை ஆஸ்பத்திரியில்தான் முடியும். ஆகையால் ஒருவர் கையைப் பிடித்தே நடக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுப்பவர்கள் காலைப் பட்டினியோடு நெடுநேரம் வரிசையில் நிற்கலாகாது. விரதம் பற்றித் தங்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கோயிலின் மூன்றாம் பிராகாரம் உலகப் புகழ் பெற்றது. கிழக்கு மேற்காக மட்டும் ஏறக்குறைய 200 மீட்டர் நீளம். சுற்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள். தீவோ மணலும் பவளப்பாறையும் கொண்டது, கருங்கல் கிடையாது. கல் முழுவதும் வெளியிலிருந்தே கடல் தாண்டி வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டி முடித்தவர்கள் இராமநாதபுரம் சேதுபதிகள்.

வழிகாத்தவர்கள்

சேதுபதி என்ற பட்டத்தின் பொருளே சேதுவின் காவலர் என்பதுதான். 1605ஆம் ஆண்டளவில் மதுரை நாயக்கர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தியபோது, அவரிடம் ஒப்படைத்த முக்கியமான பொறுப்பு, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரைக் கள்வரிடமிருந்து காப்பதாகும். கடலுக்கு இப்பால் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் 'சேது' என்ற சொல்லையே நாணயத்தில் நந்தியின் உருவத்தோடு பொறித்துக்கொண்டார்கள். இரு கரையிலும் அரசு வேறாக இருந்தாலும் பெருமைக்குரிய சொல் ஒன்றாகவே இருந்தது.

தஞ்சையிலிருந்து சேதுவுக்குச் செல்லும் சாலையில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்களை அமைத்தனர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் காணத்தக்கது. 1801இல் சத்திரங்களைப் பற்றி அவர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வருவோர் எல்லாருக்கும் உணவு, நோயுற்றவர்க்கு வைத்தியரும் மருந்தும், வழியில் பிரசவிக்கும் பெண்களுக்குப் பராமரிப்பு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்வி என்று அங்கே நடந்த தருமங்களை அதில் விவரிக்கிறார். இம்மன்னர் கண் நோய்ச் சிகிச்சையில் ஈடுபாடு கொண்டு, நோயாளிகளின் விவரங்களைக் கண்களின் சித்திரங்களோடு பதிவு செய்துவைத்தவர். யாத்திரை என்றால் நோயும் உடன் வரும் என்பதை அக்காலத்து அரசர்கள் அறிந்திருந்தார்கள்.

பாலமும் கப்பலும்

1914 பெப்ரவரியில் பாம்பன் புகையிரதப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவே கப்பல்களுக்கு வழிவிட இரு கதவுகளாகத் திறந்துகொள்ளும் அமைப்பு, ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் முறைப்படி ஆனது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதம் ஏறிக் கொழும்பு கோட்டை சேரலாம். 'போட் மெயில்' என்று பெயர் பெற்ற இப்பயணம் நம் மூத்த அன்பர்கள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

அந்த வழியில் எல்லாரும் ஒரே மாதிரி மதிக்கப்படவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை, வாந்திபேதிக்கும் பெரியம்மைக்கும் அஞ்சிய இலங்கை அரசாங்கம், மண்டபத்தில் தான் நடத்திய முகாமில் நாட்கணக்கில் நிறுத்திவைத்துப் பரிசோதித்த பிறகே கப்பலேற்றியது. நோய்த் தடுப்பு அவசியமானதே. ஆனால் வறியவரை மட்டும் கம்பிவேலிக்குள் நிறுத்திய தடுப்பு அது. பிற்காலத்தில் அதே மண்டபம், இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களையும், 1983க்குப் பின் படகேறி வந்த அகதிகளையும் ஏற்றது. இராமேசுவரக் கரையில் தீர்த்தமாட வந்தவர்களும் உயிர்பிழைக்க வந்தவர்களும் ஒரே மணலில்தான் கால் வைத்தார்கள்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டி அலையில் அடித்துச் செல்லப்பட்டு, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சேதமடைந்த பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரின் பொறுப்பில் 46 நாட்களில் சீர்செய்தார்கள். ஊரைச் சீர்செய்ய இயலவில்லை. இராமேசுவரத்தில் பிறந்து பிற்காலத்தில் பாரதத்தின் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்களின் தந்தையார், யாத்திரிகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லும் படகை வைத்திருந்தவர். இராமநாதசுவாமி கோயில் குருக்கள் அவருக்கு நெருங்கிய நண்பர். சேது யாத்திரையின் புண்ணியத்தில் அந்த இஸ்லாமியக் குடும்பத்துக்கும் பங்கு உண்டு.

புயலுக்குப் பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 1980களில் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. தலைமன்னார் வரையான புகையிரதப் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை 2017இல் சாலை வந்தது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலமும் திறக்கப்பட்டது. இடிந்த தேவாலயத்தையும் நிலையத்தையும் பார்த்தபடி அரிச்சல்முனை வரை காரிலேயே போகலாம். போகும் வழியில், விபீஷணருக்குப் பட்டம் சூட்டிய இடமாகக் கருதப்படும் கோதண்டராமர் கோயில் புயலுக்குத் தப்பி நிற்கிறது. தீவின் உயர்ந்த இடமான கந்தமாதன பர்வதத்தில் இராமர் பாதத்தையும் தரிசிக்கலாம்.

நம் நகரத்துச் சேது

நாம் வாழும் மொன்றியலும் ஒரு தீவுதான். டவுன்டவுனிலிருந்து தென்கரைக்குச் செல்லும் விக்டோரியா பாலம் 1859இல் ஓடத் தொடங்கியது. அதன் இக்கரை நுழைவாயிலில், தெருவின் நடுவே, பெரிய கருங்கல் ஒன்று நிற்பதை அவ்வழி போவோர் கண்டிருக்கலாம். 1847இல் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்து மக்கள் ஆயிரக்கணக்கானோர் டைபஸ் காய்ச்சலால் நதிக்கரைக் கொட்டகைகளில் மாண்டனர். பாலம் கட்டவந்த தொழிலாளர்கள் அவர்களுடைய எலும்புகளைக் கண்டு, அந்த இடம் அழிந்துபோகாதிருக்க அக்கல்லை நிறுவினர். நோயுற்ற அந்நியருக்குப் பணிசெய்யச் சென்ற நகரத் தந்தை ஜோன் மில்ஸ் அதே காய்ச்சலில் உயிர்நீத்தார். கன்னியர் பலரும் அவ்வாறே. மண்டபத்தின் கதைக்கும் இக்கல்லின் கதைக்கும் தூரம் அதிகமில்லை.

1893இல் வான்கூவரில் இறங்கிக் கனடா வழியே சிக்காகோ சென்ற விவேகானந்த சுவாமிகள், 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து கடல்கடந்து பாம்பனில் கரையேறினார். பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். இராமேசுவரம் கோயிலில் அவர் பேசியது உண்மையான வழிபாடு எது என்பது பற்றியே. ஏழையிடமும் பலவீனரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவரே சிவனை வழிபடுகிறார் என்பது அப்பேச்சின் சாரம். அத்தனை தூண்களுக்கும் தீர்த்தங்களுக்கும் நடுவே நின்று அதைச் சொன்னார்.

இராமர் கட்டிய அணை கடலுக்குள் கிடக்கிறது. சேதுபதிகளும் சரபோஜியும் படகுக்காரரும் கட்டியதோ, வழிப்போக்கரைக் கைவிடாத ஒரு பழக்கம். சேது மணலைக் கனடாவுக்குக் கொண்டுவருவது எல்லாருக்கும் கூடாது. இந்நகரத்துக்குப் புதிதாக வந்து, குளிரில், மொழி தெரியாமல் நிற்கும் ஒரு குடும்பத்துக்குக் கை கொடுப்பது எல்லாருக்கும் கூடும். இராமநாதப் பெருமான் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.