மெழுகிலிருந்து ஹயலுரானிக் அமிலம் வரை: முக நிரப்பு ஊசியும் பார்வையிழப்பும்

1899இல் வியன்னாவைச் சேர்ந்த ராபர்ட் கெர்சுனி என்னும் அறுவை மருத்துவர், காசநோயின் பொருட்டு விதைகள் அகற்றப்பட்ட ஒருவருக்கு அவ்விடத்தை நிரப்ப வாசலீனை ஊசிவழிச் செலுத்தினார். மறு ஆண்டு அதுபற்றிய கட்டுரை வெளிவந்ததும், உடலின் பள்ளங்களை ஊசியால் நிரப்பும் முறை விரைந்து பரவியது. வாசலீனை அடுத்துப் பாரஃபின் மெழுகு வந்தது. மேகநோயால் நடுத்தண்டு சரிந்து அமுங்கிப்போன மூக்கு அக்காலத்தில் ஒருவரின் ஒழுக்கத்தையே ஊராருக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக இருந்தது. கத்தியின்றி அம்மூக்கை நிமிர்த்தித் தருவதாகச் சொன்ன மருத்துவரை மக்கள் நாடியதில் வியப்பில்லை. அழகு கருதி நாடியோரும் உண்டு. பின்னாளில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கனின் மூக்கில் ஏற்றப்பட்ட மெழுகு இடம்பெயர்ந்து, அவரது முகத்தையே குலைத்தது.

முகம் குலைந்ததைவிடக் கொடிய விளைவும் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது. மூக்கில் பாரஃபின் செலுத்தப்பட்ட நோயாளி ஒருவர் பார்வை இழந்ததை ஹர்ட், ஹோல்டன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1903இல் அறிவித்தனர். 1911இல் வெளியான ஃபிரெடெரிக் கோலேயின் ஒப்பனை அறுவை நூலும் இத்தகைய நேர்வுகளைக் குறிப்பிடுகிறது. ஆனால், மருத்துவ உலகம் இவற்றிலிருந்து பெற்ற பாடம் பாரஃபின் தீயது என்பதாகவே பெரிதும் நின்றுவிட்டது. கட்டிகளும் புண்களும் பெருகப் பாரஃபின் கைவிடப்பட்டபோது, கண் பற்றிய எச்சரிக்கையும் அதனோடு மங்கிப்போனது.

உண்மையில் பழி பொருளின்மீது மட்டும் விழத்தக்கதன்று. புருவங்களின் இடையிலும் மூக்கின் மேற்புறத்திலும் ஓடும் சிறு தமனிகள் கண் தமனியின் கிளைகள். அவை முகத் தமனியின் கிளைகளோடும் இணைகின்றன. ஊசிமுனை தவறி அவற்றுள் ஒன்றில் நுழைந்தால், மருந்தை அழுத்தும் விசை குருதியழுத்தத்தை வென்று, பொருளைப் பின்னோக்கிக் கண் தமனிவரை தள்ளிவிடும். அழுத்தம் நின்றதும் குருதியோட்டம் அதனை முன்னோக்கி விழித்திரையின் மையத் தமனிக்குள் கொண்டுசேர்க்கும். இதற்கு ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே போதும். மெழுகாயினும் கொழுப்பாயினும் வழி ஒன்றே.

அந்த மையத் தமனியை நுணுகி ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் பஞ்சாபில் பிறந்த சோஹன் சிங் ஹேரே. 1950களில் பாட்டியாலாவில் பிணக்கூறாய்வு வழியாக அதன் போக்கையும் கிளைகளையும் அவர் வரைந்துகாட்டினார். பின்னர் அமெரிக்காவின் அயோவாவில் குரங்குகளின் மையத் தமனியை அடைத்துச் செய்த சோதனைகளை 1980இல் வெளியிட்டார். ஏறத்தாழ 97 நிமிடம்வரை விழித்திரை தாக்குப்பிடிக்கும் என்றும் 105 நிமிடமானால் சேதம் மீளாது என்றும் அவை காட்டின. மனித விழித்திரைக்கு அந்த அவகாசமும் இல்லை என்று பிற்கால ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். ஒப்பனை ஊசிக்காக நிகழ்ந்த ஆய்வு இதுவன்று. எனினும் இன்று நிரப்பு ஊசி பற்றிய மருத்துவக் கட்டுரைகளில் பேசப்படும் '90 நிமிடம்' இங்கிருந்தே வந்தது.

இதற்கிடையில் பொருள்கள் மாறிக்கொண்டே இருந்தன. திரவ சிலிக்கோன் வந்தது. 1981இல் மாட்டுக் கொலாஜனுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நோயாளியின் சொந்தக் கொழுப்பும் பயன்பட்டது. 2003இல் அங்கு ஒப்புதல் பெற்ற ஹயலுரானிக் அமிலத்தின் பிறப்பிடமோ கண்ணேதான்! 1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக்கண்ணின் பளிங்குநீர்மத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். பளிங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயரிலும் உள்ளது. 1980களில் கண்புரை அறுவையின்போது கண்ணின் உட்பகுதியைக் காக்கப் பயன்பட்டதும் அதுவே.

2015இல் கனடிய மருத்துவர் கேட்டி பெலஸ்னேயும் உடன் ஆய்வாளரும் உலக இலக்கியத்திலிருந்து 98 பார்வை பாதிப்பு நேர்வுகளைத் திரட்டினர். அவற்றுள் ஏறக்குறைய பாதிக்குக் கொழுப்பே காரணம். அவ்வாண்டிலேயே அமெரிக்க உணவு மருந்து நிருவாகமும் நிரப்பிகள் தமனிக்குள் புகும் ஆபத்தைக் குறித்து எச்சரித்தது. அதற்குப் பின் 2018 செப்டம்பர்வரை மேலும் 48 நேர்வுகள் வெளிவந்தன. அவற்றில் 81 விழுக்காட்டுக்கு மேல் ஹயலுரானிக் அமிலம் தொடர்புடையவை. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஊசி செலுத்தப்பட்ட இடம், ஹர்ட்டும் ஹோல்டனும் 1903இல் குறித்த அதே மூக்கு. இவ்வமிலத்தைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்னும் நொதி உண்டு. தோலுக்கடியில் அது நன்கு வேலை செய்கிறது. அடைபட்ட விழித்திரைத் தமனிக்கு அதை உரிய நேரத்தில் கொண்டுசேர்க்கும் உறுதியான முறை இன்னும் வகுக்கப்படவில்லை.