கணு

கரும்பிலும் மூங்கிலிலும் இரண்டு துண்டுகள் சேரும் புடைப்பான இடம் கணு. ‘கண்’ என்ற சொல்லுக்கே பழந்தமிழில் மூங்கிலின் கணு என்றும் ஒரு பொருள் உண்டு. தெலுங்கில் இது கணுபு. கணுக்காலில் இருப்பதும் இந்தக் கணுதான்.

இயற்பியலில், அதிரும் கம்பியில் அசையாமல் நிற்கும் புள்ளிக்குக் கணு என்று பெயர். மிகுதியாக வீசி ஆடும் இடம் எதிர்க்கணு. பிரெஞ்சு அறிஞர் ஜோசப் சோவர் 1701இல் இவற்றை முடிச்சு, வயிறு என்ற பொருள்படும் சொற்களால் அழைத்தார். முடிச்சைவிடக் கணுவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முடிச்சு தனியே நிற்கும். கணு என்றதும் அடுத்த கணுவும் இடைப்பட்ட துண்டும் சேர்ந்தே மனத்தில் வரும். அளவீட்டுக்கு வேண்டியதும் அந்த இடைவெளிதான்.

அடுத்தடுத்த இரு கணுக்களின் இடைவெளி அலைநீளத்தில் பாதி. கணுக்களுக்கு இடைப்பட்ட துண்டுக்குக் கண்ணி என்று பெயர். 1 மீட்டர் கம்பி நான்கு கண்ணிகளாக அதிர்ந்தால் இடைவெளி 25 செ.மீ., அலைநீளம் 50 செ.மீ. அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் என்றால், அதை அலைநீளத்தால் பெருக்க, அலையின் வேகம் நொடிக்கு 30 மீட்டர். கம்பியை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட எடையை நான்கு மடங்காக்கினால் வேகம் இரு மடங்காகும். அதே அதிர்வெண்ணில் கண்ணிகள் இரண்டாகக் குறையும்.

கணுவைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் ‘வி’ வடிவில் மடித்த காகிதத் துணுக்குகளைக் கம்பிமேல் வைப்பார்கள். எதிர்க்கணுவில் இருப்பது துள்ளி விழும். கணுவில் இருப்பது அப்படியே உட்கார்ந்திருக்கும்.